போகமாட்டேன் என்ற கப்டன்

(ஸ்காபரோவில் நூலகமொன்றின் கூட்ட அறையில் பங்குனி மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாதாமாதம் இலக்கியம் பேசுகிற இந்த அறையில் பனி ஹொக்கி பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். ஒழுங்கு செய்தவர்கள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "கதையுங்கோ" என்றார்கள். அவர்களுக்கு என் நன்றி.

1990களில் தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகள், இந்த நகரில் வெளிவந்த தமிழ் வாரப் பத்திரிகை ஒன்றுக்கு விளையாட்டுச் செய்தி எழுதிக் கொடுத்தேன். பகலில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. இரவில் சமையலறை மேசையில் எழுத்து. தொடக்கத்திலேயே ஒரு சொல் என்னைத் திணறடித்தது. ஒரு கழகம் தன் வீரரை இன்னொரு கழகத்துக்குக் கொடுக்கிறது. பதிலுக்கு வேறொரு வீரரையோ, வரும் ஆண்டுகளில் புதுமுகங்களைத் தெரிவு செய்யும் உரிமையையோ வாங்குகிறது. எல்லோரும் அதை 'ட்ரேட்' என்று சொல்லிவிட்டுப் போகிறோம். தமிழில் என்ன எழுதுவது? முதலில் 'இடமாற்றம்' என்று எழுதினேன். ஊரில் ஆசிரியர்களுக்கு வருகிற இடமாற்றக் கடிதம் மனதில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தவரை அடுத்த தவணைக்கு மன்னாருக்குப் போ என்று சொல்லும் கடிதம். ஆனால் அங்கே கொடுக்கல் வாங்கல் கிடையாது. இங்கே ஆளைக் கொடுத்து ஆளை எடுக்கிறார்கள், நெல்லைக் கொடுத்து உப்பு வாங்குவதுபோல. ஆகவே அடுத்த வாரம் 'பண்டமாற்று' என்று எழுதினேன். "மனுசரைப் பண்டம் எண்டு போடலாமோ?" என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டார். நடப்பது அதுதான் என்றேன். அப்படியே அச்சானது.

அந்தச் சொல்லைத் தெரிந்து எடுத்தவனே, அந்தச் சொல்லின் கனம் தெரியாமல் ஒருநாள் எழுதினான் என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். 2008ஆம் ஆண்டு மாசி மாதம். ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் கப்டன் மாற்ஸ் சண்டினைக் கொடுத்துவிட வேண்டும் என்று நான் எழுதினேன். அவர் போகமாட்டேன் என்றார். அது தன்னலம் என்று மறுவாரம் எழுதினேன். அந்த இரண்டாவது கட்டுரை பிழை. முதலாவதும் முக்கால்வாசி பிழை. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இது எனக்குள் கிடக்கிறது.

விளையாட்டைத் தொடராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பருவம் ஐப்பசியில் தொடங்கிச் சித்திரையில் முடியும். பிறகு முன்னணி அணிகள் ஸ்ரான்லி கிண்ணத்துக்காக மோதும். நமது லீஃப்ஸ் அந்தக் கிண்ணத்தைக் கடைசியாகத் தூக்கியது 1967இல். பருவம் முடியச் சில வாரங்கள் இருக்கும்போது ஒரு கெடு நாள் வரும். அத்தோடு சந்தை மூடிவிடும். சம்பளத் தகராறில் 2004-05 பருவம் முழுவதும் ரத்தானது உங்களுக்கு நினைவிருக்கும். அதன் பிறகு ஒவ்வொரு அணியின் சம்பளச் செலவுக்கும் உச்சவரம்பு வந்தது; 2007-08இல் அது 5 கோடியே 3 இலட்சம் டொலர். ஆகவே கிண்ணம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற அணிகள், ஒப்பந்தம் முடியப்போகிற மூத்த வீரர் ஒருவரைக் கடைசி மூன்று மாதத்துக்கு மட்டும் வாங்கிக்கொள்ளும். அப்படிப் போகிறவருக்கு 'வாடகை வீரர்' என்றே பெயர். கொடுக்கிற அணி தோற்றுக்கொண்டிருக்கிற அணியாக இருக்கும். அதற்கு எதிர்காலம் கிடைக்கும், வாங்கியவருக்கு நிகழ்காலம். கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

இதில் ஒரு தடை உண்டு. வயதும் சேவைக்காலமும் கூடிய வீரர் தன் ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் கேட்டு வாங்கலாம்: என் சம்மதமில்லாமல் என்னை வேறு அணிக்குக் கொடுக்கக்கூடாது. இந்த வாசகத்துக்கு நமது நகரத்திலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. 1970களின் கப்டன் டரில் சிற்லர். அவருடைய ஒப்பந்தத்தில் அந்த வாசகம் இருந்தது. அவரோடு பகைத்துக்கொண்ட நிர்வாகத்தால் அவரைத் தொட முடியவில்லை. அதனால் அவருடைய உயிர்த்தோழன் லானி மக்டொனால்டை 1979 மார்கழியில் கொலராடோவுக்கு அனுப்பினார்கள். ரசிகர்கள் மைதானத்துக்கு வெளியே பதாகை பிடித்து நின்றார்கள். சிற்லர் தன் சட்டையிலிருந்த 'சி' என்ற கப்டன் எழுத்தைத் தானே வெட்டி எடுத்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1982 தையில், அவரும் மனம் நொந்து சம்மதித்து பிலடெல்பியாவுக்குப் போனார். மக்டொனால்ட் பிறகு கல்கரிக்கு வந்து, 1989இல், தன் கடைசி ஆட்டத்தில், கிண்ணத்தைத் தூக்கினார். அந்தக் கல்கரி அணியைக் கட்டியவர் கிளிஃப் ஃபிளெச்சர் என்ற நிர்வாகி. அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகிற எல்லாத் தராசும் அவர் கையில் இருந்ததுதான்.

ஃபிளெச்சர் 1991இல் ரொறன்ரோவுக்கு வந்தார். நானும் அந்த ஆண்டுதான் வந்தேன். தொழிற்சாலையில் எனக்கு ஹொக்கி சொல்லித் தந்தவர் நியூஃபவுண்ட்லாந்துக்காரர் ஒருவர். என்னைவிட இருபது வயது மூத்தவர். மதியச் சாப்பாட்டு மேசையில் உப்புப் போத்தலையும் மிளகுப் போத்தலையும் வைத்து, யார் எங்கே நிற்க வேண்டும், பக் என்கிற வட்டு எப்படி மூலைக்குப் போய்த் திரும்பி வரும் என்று காட்டுவார். அவருக்குத் தெய்வம் என்றால் வெண்டல் கிளார்க். சஸ்கற்சுவானில் கெல்விங்ரன் என்ற சிற்றூரில் பிறந்த பையன். 1985இல் லீஃப்ஸ் முதல் தெரிவாக எடுத்த பையன். பெரிய உடம்பு இல்லை. ஆனால் பெரிய உடம்புக்காரரை எல்லாம் மோதி விழுத்துவார். தன்னுடைய ஆள் ஒருவரை யாரும் தொட்டால் கையுறையைக் கழற்றிவிட்டுப் போவார். அந்த ஆட்டம் அவருடைய முதுகையும் முழங்காலையும் தின்றுகொண்டிருந்தது. அதைத் தெரிந்துகொண்டுதான் ஆடினார். 1993 வைகாசியில், கிண்ணச் சுற்றில், லொஸ் ஏஞ்சலிஸ் அணியோடு ஆறாவது ஆட்டத்தில் மூன்று கோல் போட்டார். ஆனாலும் அந்த ஆட்டத்தில் தோற்றோம், ஏழாவது ஆட்டமும் எதிரணியின் வேய்ன் கிறெற்ஸ்கியின் மூன்று கோலில் போனது. அன்று இந்த நகரம் முழுவதும் செத்தவீடு போலிருந்தது. நான் வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, எனக்கே தொண்டை அடைத்தது. ஒரு நாடு எனக்குள் நுழைந்தது அந்தத் தோல்வியின் வழியாகத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த பருவத்தில் கிளார்க் 46 கோல் போட்டார். அதற்குப் பரிசாக, 1994 ஆனி 28ஆம் தேதி, ஃபிளெச்சர் அவரைக் கியூபெக்குக்குக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் மதியம் நியூஃபவுண்ட்லாந்துக்காரர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. அவருக்கு எதிரே இருந்து சாப்பிட எனக்கும் மனம் வரவில்லை. வந்தவர் யார் என்றால், 23 வயது சுவீடன்காரர், மாற்ஸ் சண்டின். 1989இல் கியூபெக் அவரை எல்லோருக்கும் முதலாகத் தெரிவு செய்தது. ஐரோப்பியர் ஒருவர் அப்படி முதலாவதாக எடுக்கப்பட்டது அதுவே முதல் தடவை. 1992-93 பருவத்தில், கோலும் கோலுக்கான உதவியும் சேர்த்து, 114 புள்ளி எடுத்தவர். உயரம், வேகம், நீண்ட கைகள், அமைதியான முகம். அந்த அமைதிதான் இங்கே குற்றமாகிவிட்டது. கிளார்க் அடிபட்டு இரத்தம் வடிய நிற்பவர். இவர் வியர்வைகூடத் தெரியாமல் ஆடுகிறார். எங்கள் ஆளைக் கொடுத்து இந்தப் பனிக்கட்டியையா வாங்கினீர்கள் என்று நகரம் கேட்டது.

கணக்கு என்ன சொன்னது? கிளார்க்குக்கு 27 வயது, காயங்களைக் கூட்டினால் இன்னும் கூட. சண்டினுக்கு முன்னால் பதினைந்து ஆண்டுகள் இருந்தன. ஃபிளெச்சர் செய்தது சரி. முழுக்கச் சரி. நியூஃபவுண்ட்லாந்துக்காரரின் துக்கமும் சரி. இரண்டும் ஒரே மேசையில் உப்பும் மிளகும் போல இருக்கலாம் என்பதை நான் அப்போது விளங்கிக்கொள்ளவில்லை. எழுத்தாளனுக்கு ஒரு பக்கம் நின்றாக வேண்டும் என்று நினைத்தேன். கணக்கின் பக்கம் நின்றேன்.

இனி அன்பின் விலையைச் சொல்லுகிறேன். கியூபெக் அணி 1995இல் கொலராடோவுக்குக் குடிபெயர்ந்தது. அந்த ஐப்பசியிலேயே கிளார்க்கை நியூயோர்க் ஐலண்டர்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்த ஆனியில் கொலராடோ கிண்ணத்தை வென்றபோது அவர் அங்கே இல்லை. அதற்கு முன்பே, 1996 பங்குனியில், ஃபிளெச்சர் அவரைத் திரும்ப ரொறன்ரோவுக்குக் கூட்டி வந்திருந்தார். எங்கள் நகரம் கொண்டாடியது. நியூஃபவுண்ட்லாந்துக்காரர் எல்லோருக்கும் கோப்பி வாங்கித் தந்தார். கொடுத்த விலையில் ஒன்று, 1997ஆம் ஆண்டின் முதல் சுற்றுத் தெரிவுரிமை. லீஃப்ஸ் மோசமாக ஆடியதால் அது நாலாவது தெரிவாகியது. ஐலண்டர்ஸ் அதில் எடுத்த பையனின் பெயர் றொபேர்ட்டோ லுவொங்கோ. 489 ஆட்டங்கள் வென்ற கோல்காப்பாளர். 2010இல் வன்கூவர் ஒலிம்பிக்கில் கனடா தங்கம் வென்றபோது கோலில் நின்றவர். அந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நாம் கோல்காப்பாளருக்காக எவ்வளவு அலைந்தோம் என்று யோசித்துப் பாருங்கள். பழைய அன்பைத் திருப்பி வாங்கக் கொடுத்த காசு அது. நான் இதைப் பலமுறை எழுதியிருக்கிறேன், கணக்கின் பக்கம் நிற்பவனுக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் கிடைக்காது.

சண்டின் என்ன செய்தார்? இருந்தார். 1997இல், அப்போதைய கப்டன் டக் கில்மோரையும் கொடுத்துவிட்ட பிறகு, கப்டன் ஆனார். லீஃப்ஸ் கப்டன்களில் முதல் ஐரோப்பியர். ஆண்டுக்கு ஆண்டு அணியின் அதிக புள்ளிக்காரர். 2002இல் கரோலினாவுக்கு எதிரான ஆறாவது ஆட்டம் என் மனைவிக்குக்கூட நினைவிருக்கிறது: ஆட்டம் முடிய 22 வினாடி இருக்கும்போது சண்டின் சமன் செய்தார். வீட்டில் நாங்கள் கத்திய சத்தத்தில் கீழ்வீட்டார் கதவைத் தட்டினார்கள். மேலதிக நேரத்தில் தோற்றோம். 2006இல் சுவீடனின் கப்டனாக ஒலிம்பிக் தங்கம் வென்றார். அதே ஆண்டு ஐப்பசியில் கல்கரிக்கு எதிராகத் தன் 500ஆவது கோலை மேலதிக நேரத்தில், தன் அணியில் ஓர் ஆள் குறைந்திருந்தபோது, போட்டார். 2007 ஐப்பசியில் சிற்லரின் 389 கோல்களையும் 916 புள்ளிகளையும் தாண்டி, கழகத்தின் வரலாற்றில் முதலிடத்துக்கு வந்தார். பனிக்கட்டி என்று சொன்ன நகரம் எழுந்து நின்று கைதட்டியது.

ஆனால் அணி சரிந்துகொண்டிருந்தது. 2008 தை மாதம் நிர்வாகியை நீக்கிவிட்டு, இடைக்காலத்துக்கு ஒருவரைக் கூட்டி வந்தார்கள். யாரை? கிளிஃப் ஃபிளெச்சரை. கிளார்க்கைக் கொடுத்துச் சண்டினை வாங்கிய அதே மனிதர், பதினாலு ஆண்டு கழித்து, சண்டினைக் கொடுக்க வந்தார்.

நான் தராசைத் தூக்கினேன். சண்டினுக்கு 37 வயது. ஒப்பந்தம் ஓராண்டு, 55 இலட்சம் டொலர், ஆனியோடு முடிகிறது. அணி மூன்றாவது ஆண்டாகக் கிண்ணச் சுற்றுக்கு வெளியே நிற்கப்போகிறது. அவரை இப்போது கொடுத்தால் இளம் வீரரும் முதல் சுற்றுத் தெரிவும் கிடைக்கலாம். கொடுக்காவிட்டால் கோடையில் அவர் சும்மா போய்விடுவார், கையில் ஒரு செப்புக்காசும் மிஞ்சாது. அவருக்கும் நல்லது: கிண்ணம் இல்லாமல் ஓய்வு பெறப்போகிறவர், நல்ல அணியொன்றில் மூன்று மாதம் ஆடி அதைத் தூக்கட்டும். விரும்பினால் கோடையில் திரும்பி வரட்டும், கிளார்க் வரவில்லையா? இப்படி எழுதினேன். எல்லாப் பத்திரிகையும் இப்படித்தான் எழுதின. வானொலியில் பேசிய ரசிகர்களும் இதைத்தான் சொன்னார்கள்.

எங்கள் வீட்டில் ஒரே ஒருவன் ஒத்துக்கொள்ளவில்லை. மகனுக்கு அப்போது 12 வயது. 13ஆம் இலக்கச் சட்டை போட்டுக்கொண்டு வாகனத் தரிப்பிடத்தில் ரெனிஸ் பந்தை வைத்து ஹொக்கி ஆடுகிற பிள்ளை. நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "அவர் போகமாட்டன் எண்டா?" என்று கேட்டான். "போகத்தான் வேணும், இது அவருக்கும் நல்லதுதானே" என்றேன். "அவருக்கு நல்லதெண்டு அவரல்லோ சொல்லோணும்" என்றான். சின்னப்பிள்ளைக் கதை என்று விட்டுவிட்டேன்.

மாசி 24, ஞாயிற்றுக்கிழமை. கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கிறது. சண்டின் அறிக்கை விட்டார். வாடகைக்கு ஆடப்போவதில் தனக்கு நம்பிக்கை இல்லை, கிண்ணத்தை வெல்வதென்றால் பருவத்தின் தொடக்கத்திலிருந்து அந்த அணியோடு நடந்து வந்து வெல்ல வேண்டும், ஆகவே தன் சம்மதத்தைத் தரமாட்டேன் என்பது அதன் சாரம். அவரோடு அதே வாசகம் உள்ள வேறு நாலு பேரும் அந்த அணியில் இருந்தார்கள். ஒன்ராறியோவின் ஏரிக்கரைக் கோடை வீட்டுப் பகுதியின் பெயரைச் சூட்டி, 'முஸ்கோக்கா ஐவர்' என்று ஊர் அவர்களைக் கேலி செய்தது. நானும் அந்தப் பெயரை எழுதினேன். தன்னலம் என்றும், பிடிவாதம் என்றும் எழுதினேன்.

'பிடிவாதம்' என்ற சொல்லை எழுதும்போது கை ஒரு கணம் நின்றது. அதே சொல்லை ஐந்து ஆண்டுக்கு முன் வேறொருவருக்குச் சொல்லியிருந்தேன்.

2002இல் இலங்கையில் போர்நிறுத்தம் வந்தபோது, ஊரில் தனியாக இருந்த எங்கள் அம்மாவை எங்கே வைத்திருப்பது என்று நாங்கள் பிள்ளைகள் தொலைபேசியில் மாறி மாறிக் கதைத்தோம். அண்ணை லண்டனில், அக்கா பாரிஸில், நான் இங்கே. யாரிடம் அறை இருக்கிறது, எங்கே வைத்தியம் நல்லது, எந்த நாட்டில் விசா இலகு. ஆறு மாதம் கணக்குப் பார்த்தோம். எல்லாம் அவவின் நன்மைக்குத்தான். மனதறிந்து சொல்கிறேன், அதில் பொய் இல்லை. கடைசியில் அண்ணை முடிவைச் சொல்ல, அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் இந்த முற்றத்திலைதான் இருப்பன்" என்றா. பிடிவாதம் என்று நாங்கள் மூன்று பேரும் சொன்னோம். ஆறு மாதத்தில் ஒருவர்கூட அவவிடம் கேட்டிருக்கவில்லை. இந்த அறையில் இருக்கிற பலருக்கு இப்படி ஒரு தொலைபேசி உரையாடல் நினைவிருக்கும் என்று நினைக்கிறேன்.

கோடி கோடியாகச் சம்பாதிக்கிற வீரரையும் வடமராட்சியில் தனித்திருந்த தாயையும் ஒரே தட்டில் வைக்கிறேனா என்று கேட்காதீர்கள். வைக்கவில்லை. ஒரே தட்டில் வைப்பது என் பேனாவை. ஒருவர் இருக்க விரும்புகிற இடத்தில் இருப்பதை, மற்றவர்களின் கணக்குக்கு அது பொருந்தவில்லை என்பதற்காக, அதே பேனா இரண்டு தடவை குற்றமாக்கியது.

இப்போது அந்தக் கணக்கையே மறுபடி பார்ப்போம், ஏனென்றால் கணக்காகவும் அது நான் நினைத்த அளவுக்குப் பலமானதல்ல. மூத்த வீரரைக் கடைசி ஆண்டில் கொடுத்தால் எதிர்காலம் கிடைக்கும் என்கிறோம். என்ன கிடைத்திருக்கிறது? கல்கரியின் ஜரோம் இகின்லா, அந்தக் கழகத்துக்கு 525 கோல் போட்ட கப்டன், 2013 பங்குனியில் பிற்ஸ்பேர்க்குக்குப் போனார். பதிலுக்குக் கல்கரிக்குக் கிடைத்தது கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்த இரண்டு பையன்களும் ஒரு முதல் சுற்றுத் தெரிவும். இகின்லாவை வாங்கிய அணி நல்ல அணி என்பதால் அந்தத் தெரிவு 28ஆவதாக விழுந்தது. அதில் எடுத்த வீரர் கல்கரிக்கு ஆடியது ஒரே ஒரு ஆட்டம். பிற்ஸ்பேர்க் பொஸ்ரனிடம் நாலு ஆட்டமும் தோற்று வெளியேறியது. இகின்லா கிண்ணம் இல்லாமலே ஓய்வு பெற்றார். கொடுத்தவருக்கும் இல்லை, போனவருக்கும் இல்லை.

கிளார்க்கைக் கொடுத்தபோது ஏன் ஒரு சண்டின் கிடைத்தார்? கிளார்க் 46 கோல் போட்ட ஆண்டு என்பதால். உச்சத்தில் இருக்கும்போது கொடுத்தால்தான் உச்சத்துக்குப் போகக்கூடியவர் கிடைப்பார். அப்போது கொடுக்க எந்த ரசிகரும் சம்மதிக்க மாட்டார். வயது போன பிறகு, "இனிக் கொடுக்கலாம்" என்று நாங்கள் மனம் ஆறுகிற நேரத்தில், விலை இறங்கியிருக்கும். சந்தைக்கு வயது தெரியும். பதின்மூன்று ஆண்டு அன்பு அதற்குத் தெரியாது.

அப்படியானால் மூத்தவரைக் கொடுக்கவே கூடாதா? இல்லை. ரே போர்க்கைப் பாருங்கள். 1979இலிருந்து பொஸ்ரனில் இருபத்தொரு பருவம் ஆடினார், ஒரு கிண்ணம்கூட இல்லை. 2000ஆம் ஆண்டு, வென்றுவிட்டு ஓய்வு பெற ஆசைப்படுகிறேன், என்னை விடுங்கள் என்று அவரே கேட்டார். பங்குனி 6ஆம் தேதி கொலராடோவுக்கு அனுப்பினார்கள். பொஸ்ரனுக்குத் திரும்பக் கிடைத்தது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த ஆண்டு ஆனி 9, கொலராடோ வென்ற இரவு, கப்டன் ஜோ சாக்கிக் கிண்ணத்தைத் தன் தலைக்கு மேலே தூக்காமலே போர்க்கின் கையில் கொடுத்தார். சில நாட்களில் போர்க் அந்தக் கிண்ணத்தைப் பொஸ்ரன் நகரமண்டப முற்றத்துக்குக் கொண்டுவந்தபோது ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். வேறு ஊர் அணி வென்ற கிண்ணத்துக்கு ஓர் ஊர் எடுத்த விழா! இதைப் படத்தில் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கண் கலங்கும். அந்த ரசிகர்கள் எதைத் தராசில் வைத்தார்கள்? தங்களுக்கு என்ன கிடைத்தது என்பதை அல்ல.

அதே பொஸ்ரனின் கப்டன் பிராட் மார்ஷண்ட் 2025 பங்குனியில் கெடு நாளன்று ஃபுளோரிடாவுக்குப் போனார். பிறகு நம் மண்ணில் ஏழாவது ஆட்டத்தில் நம்மையே வெளியேற்றிவிட்டு, ஆனியில் கிண்ணத்தையும் வென்றார். அந்த ஏழாவது ஆட்டம் இந்த அறையில் பலருக்கு ஆறாத புண். அதனால் அதை நீட்டவில்லை. பொஸ்ரன்காரர் அன்றும் தங்கள் ஆளுக்காக மகிழ்ந்தார்கள்.

போர்க் போக விரும்பினார், போனார். சண்டின் இருக்க விரும்பினார், இருந்தார். ஒருவரை வாழ்த்திவிட்டு மற்றவரைத் திட்டுவதற்கு எனக்கு இருந்த ஒரே காரணம், இரண்டாமவரின் விருப்பம் என் அணிக்கு இலாபமாக இல்லை என்பதுதான். அந்த வாசகத்தை யாரும் அவருக்குப் பிச்சையாகப் போடவில்லை. கழகம் பேசிக் கையெழுத்திட்டுக் கொடுத்தது. கெட்ட ஆண்டு வந்ததும், கொடுத்த வாக்கை நிறைவேற்றச் சொன்னவரை வாக்குத் தவறியவர்போலப் பேசினோம்.

எனக்கு எதிராக ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க விருப்பமில்லை. சண்டின் அந்தக் கோடையில் ஒப்பந்தம் முடிந்து சுதந்திர ஆள் ஆனார். மாதக்கணக்காக யோசித்தார். 2008 மார்கழியில், பருவம் பாதியை நெருங்கும்போது, வன்கூவரில் சேர்ந்தார். தொடக்கத்திலிருந்து நடந்து வந்து வெல்ல வேண்டும் என்று சொன்னவர் பாதி வழியில் ஏறினார். இது நம் நகரத்தைச் சுட்டது. என்னையும் சுட்டது. இன்றைக்கும் அதற்கு முழு விடை என்னிடம் இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: வன்கூவருக்கு அவரை யாரும் அனுப்பவில்லை. அவருக்குப் பதிலாக எவரும் எடுக்கப்படவில்லை. ஆடுவதா, ஓய்வா என்று தடுமாறிய 37 வயது மனிதர் ஒருவர், தன் காலில் நடந்து போய் ஒரு கதவைத் தட்டினார். நான் ஆரம்பத்தில் சொன்ன அந்தச் சொல், பண்டமாற்று, இதற்குப் பொருந்தாது. 41 ஆட்டம் ஆடினார். அந்த ஆண்டு வன்கூவர் இரண்டாம் சுற்றில் சிகாகோவிடம் தோற்றது. அதோடு ஆட்டத்தை விட்டார்.

லீஃப்ஸுக்கு நட்டம் இல்லையா? நட்டம்தான். நாம் மறுபடி கிண்ணச் சுற்றைக் கண்டது 2013இல். சண்டினைக் கொடுத்திருந்தால் முன்பே கண்டிருப்போமா என்று கேட்டால், லுவொங்கோ போன்ற ஒருவர் கிடைத்திருக்கலாம், ஒரே ஒரு ஆட்டம் ஆடியவரும் கிடைத்திருக்கலாம். ரசிகர் நிறுத்துப் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. இரவு இரண்டு மணிவரை நிறுத்துப் பார்ப்பதுதான் ரசிகரின் அன்பு. நானும் இன்னும் நிறுத்துப் பார்க்கிறேன். ஆனால் அந்தத் தட்டில் கிடப்பவருக்கு வாய் இருக்கிறது.

2009 மாசி 21, சனிக்கிழமை. வன்கூவர் அணி ரொறன்ரோவுக்கு வந்தது. சண்டின் நீலமும் பச்சையும் உடுத்திக்கொண்டு, எதிர்ப்பக்க வாசலால் வந்தார். மகன் 13ஆம் இலக்கச் சட்டையோடு தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தான். ஒரு வருடத்தில் வளர்ந்துவிட்டான், சட்டைக்கை மணிக்கட்டுக்கு எட்டவில்லை. ஆட்டத்தின் இடையில் பெரிய திரையில் சண்டினின் பழைய காட்சிகளைப் போட்டார்கள். அரங்கம் எழுந்தது. நிற்காமல் கைதட்டியது. வீரர்கள் இருக்கும் பலகையில் இருந்த சண்டின் எழுந்து கையை உயர்த்தினார். பனிக்கட்டி என்று சொல்லப்பட்ட அந்த முகம் கலங்கியதைக் கமெரா அருகில் போய்க் காட்டியது. ஆட்டம் சமன், மேலதிக நேரமும் சமன். தண்ட அடிகளுக்குப் போனது. தீர்மானித்த கோலைப் போட்டவர் சண்டின். வன்கூவர் 3, ரொறன்ரோ 2.

அந்த இரவு பதினொரு மணிக்குப் பத்திரிகை ஆசிரியர் தொலைபேசி எடுத்தார். முதல் பக்கத்தில் சின்னப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறேன், 'வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது' என்று தலைப்புப் போடட்டா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பின்னே என்ன போட என்றார். மகன் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நம் ஊரில் வீட்டுக்கு வந்த ஆள் படலையைத் தாண்டும்போது நாங்கள் சொல்கிற வார்த்தைகளை யோசித்தேன்.

'சண்டின் வந்திட்டுப் போனார்' என்று போடச் சொன்னேன்.